கிணற்றடியில் விட்டுப்போன குடம்

வணக்கம் ஐயா,

எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்கு இதழ்ப் பொறுப்பு மூன்று மாதமாக என்னிடம் இருக்கிறது. உள்ளே வரும் கட்டுரைகளை எப்படியாவது தேற்றிவிடுகிறேன். அட்டைதான் உயிரை வாங்குகிறது. மாதக் கடைசியில் கூகுளில் ‘இயேசு’ என்று தட்டி, கண்ணுக்கு நன்றாக இருப்பதை எடுத்துப் போடுகிறேன். போன இதழ் அச்சாகி வந்தபோது முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இதற்கு நடுவில் பங்குப் பேரவையில் ஒருவர், “விழாப் படங்களை ஒன்பது கட்டமாகப் போடுங்கள், எல்லாரும் வாங்குவார்கள்” என்கிறார். ஒரு பங்கு இதழுக்குப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். எங்களுடையது ஏ5 அளவு, அட்டை மட்டும் வண்ணம். அடுத்து வருவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களுக்கான 2026 தவக்கால இதழ். என்ன படம் போடலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்பது கட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். ஏ5 என்றால் 148க்கு 210 மில்லிமீட்டர். இதழின் பெயருக்கு மேலே இடம் விட்டு மிச்சத்தை ஒன்பதாக வெட்டினால், ஒரு படம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது. அதில் பாடகர் குழு இருபது பேர் நின்றால் ஒவ்வொரு தலையும் மிளகளவு. வாங்குவார்கள், அதில் சந்தேகமில்லை. வாங்கி, தன் தலை எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். விழாப் படங்களுக்கு நடுப்பக்கம் இருக்கிறது. அங்கேயும் ஒன்பது வேண்டாம், நான்கு போதும்.

கூகுளில் தேடியதைக் குறை சொல்ல மாட்டேன். ‘இயேசு’ என்று தேடியதுதான் வினை. அப்படிக் கிடைக்கிற படம் தவக்காலத்துக்கும் ஆகும், கிறிஸ்து பிறப்புக்கும் ஆகும், பங்குத்தந்தையின் வெள்ளி விழாவுக்கும் ஆகும். படத்தைத் தேடுவதற்கு முன் பூசையில் படிக்கும் வாசகத்தைப் படியுங்கள். அந்த மாதத்து ஞாயிறு நற்செய்திகளை எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலால் பொருள்களை மட்டும் அடிக்கோடிடுவது என் வழக்கம். ஆட்கள் வேண்டாம், கருத்துகள் வேண்டவே வேண்டாம். செருப்பு, கரி, துணி, குடம்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக வரும், 2026 அதில் முதல் ஆண்டு. தவக்கால மூன்றாம் ஞாயிறுக்கு யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரம், கிணற்றடியில் இயேசு சந்தித்த சமாரியப் பெண். கிணற்றடியில் இயேசுவும் அவளும் பேசிக்கொண்டிருக்கும் படம் ஆயிரம் கிடைக்கும். அதை விடுங்கள். 28ஆம் வசனத்தைப் பாருங்கள்: தண்ணீர் மொள்ள வந்தவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள். எதற்காக வந்தாளோ அதையே மறந்துவிட்டுப் போகிறாள். அந்தக் குடம்தான் உங்கள் அட்டை.

இதற்கு ஓவியம் தேட வேண்டாம். பங்கில் கைப்பேசியில் நன்றாகப் படம் எடுக்கிற பிள்ளை ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் சொல்லுங்கள். சாயங்கால வெளிச்சம் அழகாக இருக்கும் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். அவள் வந்தது நண்பகலில். நிழல் நீளக் கூடாது, குடத்தின் காலடியிலேயே ஒட்டிக் கிடக்க வேண்டும். குடம் நிமிர்ந்து நிற்கட்டும். கவிழ்ந்து கிடந்தால் ஏதோ விபத்து போலத் தெரியும், நின்றால்தான் விட்டுப்போனது. நிரம்பியிருந்ததா, காலியா என்று யோவான் சொல்லவில்லை. அதனால் உள்ளே தெரியாத கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். படத்தின் மேல் பாதி வெறுமையாக இருந்தால் இதழின் பெயருக்குத் தனியாகப் பட்டை போட வேண்டியதில்லை. தவக்காலத்து ஊதாவை எழுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, திரையில் பளிச்சென்று தெரியும் ஊதா அச்சில் மங்கித்தான் வரும். அச்சகத்தில் ஒரு மாதிரிப் படி கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

உயிர்ப்பு (ஈஸ்டர்) இதழுக்கும் இதே வழிதான். சூரிய உதயத்துக்கு முன்னால் மூன்று சிலுவை நிற்கும் படத்தை ஒவ்வொரு ஆண்டும் யாராவது கொண்டுவருவார்கள். மூன்று சிலுவை பெரிய வெள்ளிக்கிழமைக்கு உரியது ஐயா, ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன வேலை? யோவான் 21:9இல் கரையில் ஒரு கரி நெருப்பு எரிகிறது. அதற்கு முன் 18:18இலும் ஒரு கரி நெருப்பு உண்டு, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த இடம். தணலை மட்டும் அட்டையில் போட்டு, உள்ளே இரண்டு வரி அட்டைக் குறிப்பு எழுதுங்கள். அட்டையைப் பார்த்து, உள்ளே படித்து, திரும்ப அட்டைக்கு வருவார்கள்.

ஓவியம் போடவே கூடாதா என்றால், போடலாம். ஆனால் முழுசாகப் போடாதீர்கள். ஊதாரி மகன் திரும்பி வருவதை ரெம்பிராண்ட் வரைந்த ஓவியம் ஏறக்குறைய 262க்கு 205 சென்டிமீட்டர். ஆளுயரத்தைத் தாண்டியது. அதை ஏ5இல் அடைத்தால் பழுப்புக் கறைதான் மிஞ்சும். மண்டியிட்டிருக்கும் மகனின் இடக்காலைப் பாருங்கள். செருப்பு கழன்று, தேய்ந்த உள்ளங்கால் நம்மைப் பார்த்தபடி இருக்கிறது. அதுமட்டும் போதும். “ஓவியத்தின் ஒரு பகுதி” என்று மறக்காமல் போட்டுவிடுங்கள்.

காப்புரிமையையும் பார்க்க வேண்டும். கோவில் இதழ்தானே, யார் கேட்பார்கள் என்ற பேச்சு வரும். கேட்காவிட்டாலும் அடுத்தவர் பொருள் அடுத்தவர் பொருள்தான். ஓவியர் இறந்து 50, 60, 70 ஆண்டு கழித்துத்தான் உரிமை முடியும், நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். 1669இல் இறந்த ரெம்பிராண்ட் பற்றிக் கவலை வேண்டாம். மேலிருந்து பார்ப்பதுபோல் சிலுவையை வரைந்த சால்வதோர் தாலி இறந்தது 1989இல், அதைத் தொடாதீர்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் உரிமை முடிந்த படைப்புகளைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. செயற்கை நுண்ணறிவில் செய்த படம் என்றால், ஒருவேளை போடுவதாக இருந்தால், விரல்களை எண்ணிவிட்டுப் போடுங்கள்.

முகம் கட்டமாகத் தெரிந்ததற்குக் காரணம் அளவு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஏ5க்கு 1748க்கு 2480 பிக்சல் வேண்டும். நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மி.மீ. விட்டால் 1819க்கு 2551. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் தவறு அது. ஓர் ஆண்டு புது நன்மை (முதல் நற்கருணை) வாங்கிய பிள்ளைகளில் ஒரு சிறுமியின் முகத்தை அட்டையில் போட்டேன். கண்மூடி நின்றிருந்தாள், அவ்வளவு நல்ல படம். யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அவள் அம்மா இதழைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தார். கோபப்படவில்லை. நாங்கள் இந்தப் பங்கில் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்றுதான் இங்கே வந்தோம் என்றார். அடுக்கில் மிச்சம் இருந்த பிரதிகளை எடுத்து உள்ளே வைத்தேன். விற்றவை விற்றவைதான். அதற்குப் பிறகு பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் எந்தப் பிள்ளையின் முகமும் எங்கள் இதழில் வரவில்லை, கடைசிப் பக்கத்தில்கூட.

குடத்தின் படம் வந்ததும் கருப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் குடம் குடமாகத் தெரிந்தால் அச்சுக்கு அனுப்பிவிடுங்கள்.