ஐயர் சொன்ன சின்னம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று பவுல் எழுதியிருக்கிறாரே, அப்படியிருக்க விசுவாசிக்கு ஓட்டு எதற்கு? நான் இதுவரை போட்டதே இல்லை. (வாசகர், தூத்துக்குடி)

பதில்: அந்த வசனம் எந்த ஊர்ச் சபைக்கு எழுதிய நிருபத்தில் வருகிறது என்று பார்த்தீர்களா? பிலிப்பி. அதே பிலிப்பியில்தான் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்து ஜெயிலில் போட்டார்கள். மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று ஆள் அனுப்பினால், பவுல் கிளம்பவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை ஊரறிய அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புகிறார்களா, அவர்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சினார்கள் (அப்போஸ்தலர் 16). நீங்களும் ரேஷன் கார்டைத் தொலைக்காமல்தான் வைத்திருப்பீர்கள், பட்டாவில் பெயர் தப்பாக வந்தால் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடப்பீர்கள். ஓட்டுக்கு மட்டும் பரலோகமா?

கேள்வி: தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனையில் கலியாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த கையோடு எங்கள் சபை ஐயர் (திருநெல்வேலிப் பக்கம் போதகரை ஐயர் என்பார்கள், மற்ற ஊர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்) ஒரு சின்னத்தைச் சொல்லி, எல்லாரும் இதற்கே போட வேண்டும், மாற்றிப் போட்டால் ஆண்டவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். நான் மாற்றித்தான் போட்டேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு ஐயர் சொன்னபடியே போட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து திருவிருந்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. நான் செய்தது பாவமா ஐயா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: வீட்டுக்காரரிடம் சொன்ன அந்தச் சின்னப் பொய்யைத் தவிர இதில் எனக்குப் பாவம் எதுவும் தெரியவில்லை அம்மா. அதைக்கூடச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, "அது ரகசிய ஓட்டு" என்று சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போயிருக்கலாம்.

கணக்குச் சொல்ல வேண்டும் என்று உங்கள் ஐயர் சொன்னது வேதத்தில் உள்ளதுதான். ஆனால் ரோமர் 14 என்ன சொல்கிறது? "நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்." தன்னைக்குறித்து. உங்கள் ஓட்டுக்கு ஐயர் கணக்குச் சொல்லப் போவதில்லை, அப்படியானால் அதை அவர் கையில் எப்படிக் கொடுப்பது?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆம் பிரிவு இதைக் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் பேசுகிறது: இப்படி ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பது முறைகேடு. வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ செய்தாலும், அவர்கள் சம்மதத்தோடு வேறு யார் செய்தாலும் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் இதே பிரிவில்தான் வருகிறது. வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் தப்புதான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நாலுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொன்னது. கோயில், மசூதி, சர்ச் எதிலும் பிரசாரம் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதியில் இருக்கிறது.

நான் வாத்தியாராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன். ஒரு தடவை வெள்ளைச் சேலை கட்டிய பாட்டி ஒருவர் விரலில் மை வைத்ததும் அட்டை மறைப்புக்குப் பின்னால் போய், அங்கிருந்து உரக்கக் கேட்டார்: "ஐயா, எங்க ஐயரு சொன்ன சின்னம் இதுல எது?" ஏஜென்ட்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபது வருஷம் வேதம் வாசித்த மனுஷி, சொந்தமாக ஒரு பட்டனை அமுக்கப் பயந்து நின்றார்.

ஐயர்மாருக்கும் பயம் இருக்கிறது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம்தான், சிதறினால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறார்கள். ஆனால் மொத்தமாகக் கட்டிக் கொடுத்த ஓட்டை எல்லாரும் மொத்த விலைக்குத்தான் கேட்பார்கள், அந்த விலை பேசும் அறைக்குள் உங்களையோ அந்தப் பாட்டியையோ கூப்பிடப் போவதும் இல்லை. வேட்பாளர்கள் எல்லாரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, குளம் எப்போது தூர்வாருவீர்கள், தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலினத்தில் சேர்க்கும் கோரிக்கையில் உங்கள் நிலை என்ன என்று சபையார் கேள்வி கேட்கட்டும், அதற்கு ஐயர் ஏற்பாடு செய்தால் நானே வந்து நாற்காலி போடுகிறேன்.

கேள்வி: சரி, நம்ம ஆள் ஒருவர் நின்றால் அவருக்குத்தானே போட வேண்டும்? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! கன்னியாகுமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணி கிறிஸ்தவர். ஆனால் அவர் பின்னால் திரண்டவர்கள் சபையார் மட்டுமா? திருவிதாங்கூரில் இருந்த தமிழர்கள் மதம் பார்க்காமல் சேர்ந்து நின்றார்கள், 1954இல் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது. அதற்கும் முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில் கிறிஸ்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி என்ற பேச்சு எழுந்தபோது அது வேண்டாம் என்றவர் சேலத்தில் பிறந்த கே.டி.பால். அவரும் சபைக்காரர்தான். நின்றவர் நல்லவர் என்றால் போடுங்கள். ஞானஸ்நான சர்டிபிகேட் மட்டும்தான் அவருடைய தகுதி என்றால் யோசியுங்கள்.

கேள்வி: ஓட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் பகை வரும். வாங்கி அப்படியே காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டேன். சரிதானே? (வாசகி, மதுரை)

பதில்: வாங்குவதும் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசைப் பொறுக்கியெடுத்த பிரதான ஆசாரியர்கள்கூட, இதைக் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று சொல்லி அதைக் கொண்டு குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள் (மத்தேயு 27). அந்த அளவு கூச்சமாவது நமக்கு இருக்கலாம். இனி யாராவது நீட்டினால் "எங்க வீட்டில் வாங்குவதில்லை அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். தெருவில் இன்னும் நாற்பது வீடு பாக்கியிருக்கும், பகைத்துக்கொள்ள அவருக்கு ஏது நேரம்?