அப்பா வழியில் இரண்டு பேருக்குப் புற்றுநோய் இருந்தால் எனக்கும் வருமா?

அத்தைக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய், அப்பாவைப் பெற்ற பாட்டிக்குச் சினைப்பையில், அப்பா நன்றாக இருப்பதால் எனக்குப் பயமில்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. நீங்கள் சொல்லும் இரண்டு புற்றுநோயும் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களைத்தான். அவை பழுதாக இருந்தாலும் ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது அபூர்வம். சினைப்பையோ கிடையவே கிடையாது. அதனால் அப்பாவிடம் அந்தப் பழுது சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிள்ளைக்கு வரலாம். அப்பாவிடம் இருந்தால், உங்களிடம் இருக்க வாய்ப்பு சரிபாதி.

பரம்பரையாக வருவது புற்றுநோய் அல்ல, பழுதான ஒரு மரபணுப் பிரதி. ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று பிறக்கும்போதே கெட்டிருந்தால், ஏதோ ஒரு செல்லில் மற்றதும் கெடுவதே போதும். குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை வைத்து ஆல்ஃப்ரட் நட்சன் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1971-இல் சொன்ன கணக்கு இது. இந்தக் குடும்பங்களில் இளவயதிலேயே நோய் வருவது இதனால்தான்.

எங்கள் வீட்டில் இருப்பது லிஞ்ச் நோய்க்குறி, அதாவது பெருங்குடல், கருப்பை போன்ற உறுப்புகளில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் வேறொரு பரம்பரைப் பழுது. பெரியப்பாவுக்குப் பெருங்குடலில், அத்தைக்குக் கருப்பையில். உறுப்பு வேறு வேறு என்பதால் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் 1895-இலேயே ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தைப் பார்த்து, தனக்கும் புற்றுநோயால்தான் சாவு என்று ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற மருத்துவரிடம் சொன்னார். அப்படியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார்.

எனக்கும் அந்தப் பழுது இருக்கிறது. அதனால் வருடம் தவறாமல் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது. பரிசோதனைகூடப் பரவாயில்லை, மயக்கத்தில் ஒன்றும் தெரியாது. முந்தின நாள் குடிக்கச் சொல்லும் பேதி மருந்துதான் கொடுமை: உப்புக் கரிக்கும், பாதி தாண்டும்போது குமட்டும், அப்புறம் இரவெல்லாம் கழிவறையே கதி. ஆனால் சின்ன முளையாக இருக்கும்போதே கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

உங்கள் அத்தை உயிரோடு இருக்கிறார் என்றால் முதலில் அவரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவரிடம் பழுது எங்கே என்று தெரிந்தால், உங்களிடம் அதை மட்டும் தேடினால் போதும். இல்லை என்று வந்தால் அதை நம்பலாம். நேராக நீங்களே போய் எடுத்து 'எதுவும் இல்லை' என்று வந்தால், அது நிம்மதிதானா என்றே தெரியாது. சில சமயம் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்றும் அறிக்கை வரும். அதை வைத்து அறுவை சிகிச்சை வரைக்கும் போகாதீர்கள். மரபணு ஆலோசகரிடம் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் வந்தது என்று எழுதிக் கொண்டுபோங்கள். மொத்தப் புற்றுநோய்களில் பரம்பரையால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான். அத்தைக்குப் பழுதே இல்லாமலும் போகலாம்.

உங்களிடம் பழுது இருப்பது உறுதியானால் அண்ணன் தம்பிகளிடமும் சொல்லிவிடுங்கள். பிஆர்சிஏ2 என்றால் அவர்களுக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்கு உள்ள ஒரு சுரப்பி) புற்றுநோய்ப் பரிசோதனையைச் சீக்கிரமே தொடங்க வேண்டியிருக்கும்.