டொராண்டோவின் 407 நெடுஞ்சாலையில் ஏன் இவ்வளவு சுங்கம்?

சுங்கச்சாலை என்றால் போகிறவர்களே காசு கொடுத்துப் பயன்படுத்தும் சாலை. டொராண்டோ வழியே போகும் 401 நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்க, மார்க்கம், பிராம்ப்டன் புறநகர்கள் வழியாக 407-ஐ 1950களிலேயே யோசித்தார்கள். பணமில்லாமல் இழுத்துக்கொண்டே போய், கட்டணத்தில் செலவை மீட்கலாம் என்று முடிவான பிறகுதான் வேகம் பிடித்தது. 1997-இல் திறந்தார்கள். சாவடியே கிடையாது; கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும், பில் வீட்டுக்கு வரும்.

1999-இல் ஒன்ராறியோ மாகாண அரசு இதைச் சுமார் 310 கோடி கனடிய டாலருக்குத் தனியாரிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. தோப்பைக் குத்தகைக்கு விட்டால் தேங்காய் விலையைக் குத்தகைக்காரர்தானே சொல்வார்? கட்டணம் ஏறியதும் அப்படித்தான். இத்தனை நீண்ட குத்தகை கொடுத்தது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

சாலையையே விற்றுவிட்டார்கள் என்று பலர் சொல்வது சரியல்ல: நிலம் இன்னும் அரசுடையது; கிழக்கே அரசே வைத்துக்கொண்ட பகுதியில் 2025 ஜூன் முதல் சுங்கமே இல்லை.