கச்சோலம் ஐப்பசில பறிச்சு பூசணம் புடிச்சிட்டு, என்ன செய்ய?

கேள்வி: சார், நான் திருவட்டாறு பக்கம். தென்னைக்கு ஊடே 10 சென்ட்ல கச்சோலம்ங்கிற மணமுள்ள மருந்துக்கிழங்கு வச்சேன். வைகாசி கடைசில நட்டது, ஐப்பசி பாதில இலை மஞ்சளாச்சு, வெளைஞ்சிட்டுன்னு பறிச்சு காயப்போட்டா மழை விடல, பூசணம். நாட்டு மருந்துக்கடைக்காரர் மோந்து பாத்துட்டு வேண்டாம்னுட்டார். இனி மருந்துச்செடியே வேண்டாம்னு விட்டுறவா?

பதில்: அக்கா, செடி மேல குத்தம் இல்ல, மாசந்தான் தப்பிப்போச்சு. கச்சோலத்துக்கு ஏழு மாசம் வேணும், நீங்க அஞ்சுலயே எடுத்துட்டீய. இடவப்பாதில, அதாவது வைகாசி பாதில மழை தொடங்குறப்போ, நட்டா மார்கழி, தையில தான் பறிக்கணும், அப்ப நம்ம ஊர்ல துலாமழையும் (ஐப்பசி மழை) ஓய்ஞ்சிருக்கும், வெயிலும் கிடைக்கும், செடி தானா இலையை காயவச்சுட்டு கிழங்குக்குள்ள அடங்கிரும். கெழக்க நாகர்கோவில் பக்கம் ஐப்பசில நாலு நாள் வெயில் கிடைச்சாலும் கிடைக்கும், மலையோரம் இருக்குற உங்களுக்கு அதுக்கு வழியில்ல.

ஐப்பசில மஞ்சளானது வெளைச்சலா இருக்காது, பெரும்பாலும் இலையழுகல். வித்தியாசம் எப்படின்னா, வெளைஞ்ச செடில பாத்தி முழுக்க ஒண்ணுபோல வெளுத்து காய்ஞ்சு சாயும், நோவுன்னா அங்கங்க திட்டா வந்து, தண்டை இழுத்தா அடியோட கையில வந்துரும். சந்தேகமா இருந்தா ஒரு செடியை மட்டும் தோண்டி கிழங்கை ஒடிச்சு பாருங்க, வெளைஞ்சதுன்னா தோல் செங்காவியா இறுகி இருக்கும், உள்ள வெள்ளை, மணம் மூக்குல ஏறும். தண்ணியா கசிஞ்சா மண்ணைப்போட்டு மூடிருங்க.

அழுகலுக்கு போர்டோ கலவை 1 சதவீதம் வேர்ல ஊத்தணும். 10 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், ரெண்டையும் தனித்தனியா பிளாஸ்டிக் வாளில கரைச்சு துத்தத்தை சுண்ணாம்புல ஊத்துங்க, இரும்பு வாளி ஆகாது. பளபளன்னு இருக்குற கத்தியை முக்கி பாருங்க, செம்பு படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேக்கணும். அன்னைக்கே ஊத்திருங்க, நாளைக்குன்னு எடுத்து வைக்காண்டாம். அதைவிட முக்கியம் வடிகால், தென்னந்தடத்துத் தண்ணி பாத்திக்குள்ள வந்தா எந்த மருந்தும் நிக்காது.

காயப்போடுறதுல, மண்ணைக் கழுவிட்டு 5, 6 மில்லிமீட்டர் கனத்துல வட்டமா நறுக்குங்க, எல்லாம் ஒரே கனமா இருக்கணும், ஒண்ணு தடிச்சிருந்தா அதுலேருந்து தான் பூசணம் கெளம்பும். தார்ப்பாய்ல வேண்டாம், அடில வேர்க்கும். சிமெண்ட் தளத்துல நாலு நாள் நல்ல வெயில், பெறவு ஒரு ராத்திரி குவிச்சு வச்சுட்டு மறுநாள் திரும்ப பரத்துங்க.

பூசணம் புடிச்சதை கழுவி காயவச்சு கொடுக்கலாமான்னு அடுத்து கேப்பீய, வேண்டாம்க்கா, சின்னப் புள்ளையளுக்கு எண்ணெய் காய்ச்சுறதுக்கு வாங்குற சாமான் அது. குப்பைக்குழில போட்டுருங்க.

அப்புறம் நிலவேம்பு போடப்போறீயன்னா அதுக்கு கணக்கு வேற, அது கிழங்கு இல்லல்லா, செடி முழுசும் தான் மருந்து, பூ வரத் தொடங்குறப்போ அறுக்கணும். நட்டு மூணு நாலு மாசத்துல பூக்கும், அதனால மார்கழி, தையில பூ வாற மாதிரி பின்னோக்கி எண்ணி நாத்து விடுங்க.

கச்சோலத்துக்கு விதைக்கிழங்கு வாங்குறப்போ கஸ்தூரி, ரஜனி ரெண்டும் கேரள வேளாண் பல்கலைக்கழக ரகம், கேட்டுப் பாருங்க. நோவு வந்த உங்க பாத்திலேருந்து மட்டும் விதைக்கு எடுத்துராதீங்க.