எக்ஸ்-விங் புரியுது அண்ணா, ஆனா என் புதிர்ல அது எங்க இருக்குன்னு தெரியல

குடியாத்தத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. தினமும் காலைல ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல சென்னைக்கு வேலைக்கு போறவராம், கைல ஒரு சுடோகு புக்கு, ஈஸி மீடியம் எல்லாம் வாலாஜா ரோடு வர்றதுக்குள்ள முடிஞ்சுடுமாம், ஹார்டு எடுத்தா மட்டும் பாதி ரொம்பினதும் அப்படியே நின்னுடுது, வேற வழி தெரியாம ஏதோ ஒரு கட்டத்துல ஒரு நம்பரை போட்டுகினு போனா அரக்கோணம் தாண்டினப்புறம் ஒரே வரிசைல ரெண்டு 4 வந்து நிக்குது, பேனால போட்டதால எதை அடிக்கிறதுன்னும் தெரியல. "வீடியோல எக்ஸ்-விங், எக்ஸ்ஒய்-விங்னு சுடோகு டெக்னிக் எல்லாம் பாத்தேன், அவங்க காட்டும்போது நல்லா புரியுது, என் புதிர்ல தேடினா ஒன்னும் மாட்டல, ஹார்டு புதிர்னா ஊகிச்சுதான் ஆகணுமா அண்ணா?" இதுதான் கேள்வி.

ஊகிக்க வேணாம் தம்பி. புக்குல வர்ற ஹார்டு புதிர்ல பெரும்பாலானதுக்கு ஊகமே தேவைப்படாது. உங்களுக்கு எக்ஸ்-விங் மாட்டாததுக்கு காரணம் எக்ஸ்-விங் தெரியாதது இல்ல, அதை தேடறதுக்கு வேண்டிய சரக்கு உங்க பேப்பர்லயே இல்ல, அதான். பேனால போடறேன்னு சொன்னப்பவே புரிஞ்சுடுச்சு, காலி கட்டத்துல என்னென்ன வரலாம்னு நீங்க சின்ன நம்பர் எழுதறதே இல்ல, எல்லாத்தையும் மனசுல வச்சுகினு ஓட்டறீங்க. மீடியம் வரைக்கும் அது ஓடும். அதுக்கு மேல எழுதாம பாக்கறவங்க ரொம்ப கம்மி.

அதனால மொதல்ல பென்சில், கூட ஒரு நல்ல ரப்பர். புக்குல கட்டம் சின்னதா இருந்தா கட்டம் போட்ட கணக்கு நோட்டுல பெருசா வரைஞ்சுக்கங்க, ஆடற ட்ரெயின்ல சின்ன கட்டத்துல 2-ம் 7-ம் ஒன்னாதான் தெரியும். இன்னொரு வழி, நம்பரை எழுதாம புள்ளி வைக்கறது, போன் கீபேடுல 1 மேல இடது ஓரம் 9 கீழ வலது ஓரம் இல்லையா, அதே எடத்துல புள்ளி. பழகிட்டா நம்பரை விட புள்ளிதான் கண்ணுக்கு சீக்கிரம் தெரியும். ஆரம்பத்துலயே எல்லா கட்டத்துலயும் எழுதி ரொப்பாதீங்க, குப்பையாயிடும். ஒரு பாக்ஸ்ல, அதாவது 3x3 சதுரத்துல, ஒரு நம்பருக்கு ரெண்டே எடம்தான் இருக்குன்னா மட்டும் மொதல்ல குறிங்க, சுலபமா வர்றதெல்லாம் அதுலயே வந்துடும். நின்னுபோச்சுன்னா அப்ப உக்காந்து பாக்கி எல்லா கட்டத்துக்கும் என்னென்ன வரலாமோ முழுசா எழுதுங்க. இது போர் அடிக்கற வேலைதான், இல்லன்னு சொல்லல. ஆனா இதுல ஒரு நம்பர் விட்டுப்போனாலும் அதுக்கப்புறம் நீங்க கண்டுபிடிக்கற எந்த டெக்னிக்கும் பொய்தான், எழுதி முடிச்சதும் ஒரு தடவ சரி பாத்துடுங்க. ஒரு நம்பர் போட்டா அது 20 கட்டத்தை பாதிக்கும், படுக்கை ரோவுல 8, நெட்டு காலத்துல 8, பாக்ஸ்ல மிச்சம் 4, அந்த இருபதுலயும் அந்த நம்பரை உடனே அழிச்சுடணும், அப்புறம் அழிச்சுக்கலாம்னு விட்டா போச்சு.

இங்கேர்ந்து நான் கட்டத்தை 2-7 மாதிரி எழுதறேன், மொத நம்பர் படுக்கையா போற ரோ, ரெண்டாவது மேலேர்ந்து கீழ இறங்கற காலம்.

முழுசா எழுதினதும் நேரா எக்ஸ்-விங்குக்கு ஓடாதீங்க. என்கிட்ட மாட்டிக்கிச்சுன்னு காட்டறாங்களே, அதுல பாதிக்கு மேல ஜோடிலயே தொறந்துக்கும். 4-2லயும் 4-9லயும் 3, 8 மட்டும் இருந்தா அந்த ரெண்டும் அவங்களுக்குள்ளயே பங்கு போட்டுக்கும், ரோ 4-ல வேற எந்த கட்டத்துலயும் 3-ம் 8-ம் நிக்காது. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாம போறது மறைஞ்ச ஜோடி. ஒரு பாக்ஸ்ல 2-ம் 6-ம் ரெண்டே கட்டத்துலதான் வர முடியும், ஆனா அந்த கட்டத்துலயே கூட 1, 5, 9 எல்லாம் கூட்டமா உக்காந்திருக்கு, அதனால கண்ணு அதை ஜோடின்னு எடுத்துக்காது. கட்டத்தை பாத்து தேடினா இது கெடைக்காது, நம்பரை வச்சு தேடணும், "இந்த பாக்ஸ்ல 2-க்கு எத்தனை எடம், 6-க்கு எத்தனை எடம்"னு. கெடச்சா அந்த ரெண்டு கட்டத்துலேர்ந்து 1, 5, 9 எல்லாத்தையும் அடிச்சுடலாம். அதே மாதிரி பாக்ஸும் ரோவும் சேர்ற எடம், மொத பாக்ஸ்ல 5-க்கு 2-1, 2-3 ரெண்டுதான் எடம்னா 5 எப்படியும் அந்த பாக்ஸுக்குள்ள ரோ 2-லதான், அப்ப 2-4லேர்ந்து 2-9 வரைக்கும் 5-ஐ தூக்கிடுங்க.

இதெல்லாம் முடிச்சும் நிக்குதுன்னா இப்ப உங்க கேள்விக்கு வரேன்.

வீடியோல ஏன் புரியுது தெரியுமா, அவங்க ஒரு நம்பரை மட்டும் கலர் பண்ணி காட்டறாங்க. உங்க பேப்பர்ல ஒம்போது நம்பரும் கலந்து கெடக்கு. அதனால நீங்களும் ஒரு நேரத்துக்கு ஒரு நம்பரை மட்டும் எடுத்து தனியா பிரிச்சு எழுதிக்கணும். எந்த நம்பர்? ஏற்கெனவே ஏழு எடத்துல போட்டாச்சுன்னா அந்த நம்பர்ல எக்ஸ்-விங் தேடி பிரயோஜனமே இல்ல, மிச்சம் ரெண்டு ரோ ரெண்டு காலம்தான், அடிக்கறதுக்கு ஒன்னும் இருக்காது. ஒரு எடத்துலதான் வந்திருக்குன்னா மிச்சம் ரொம்ப ஜாஸ்தி, தலை சுத்தும். மூணு, நாலு, அஞ்சு எடத்துல வந்த நம்பரா எடுங்க. 7-ன்னு வச்சுக்குவோம். நோட்டு ஓரத்துல 7-ன்னு போட்டு, இன்னும் 7 வராத ரோ ஒவ்வொன்னுக்கும் நேரா அது எந்தெந்த காலத்துல வரலாம்னு எழுதுங்க. ரோ 2: 3, 8. ரோ 4: 1, 5, 8. ரோ 6: 3, 8. இப்படி வரும். அவ்ளோதான், ரெண்டே எடம் இருக்கற ரோவை மட்டும் பாருங்க, ரோ 2-ம் ரோ 6-ம் ஒரே மாதிரி 3, 8. எக்ஸ்-விங் மாட்டிக்கிச்சு! 2-3-ல 7 வந்தா 6-8-லதான் இன்னொன்னு, 2-8-ல வந்தா 6-3-ல, எப்படி ஆனாலும் காலம் 3-க்கும் காலம் 8-க்கும் 7 இந்த நாலுக்குள்ளயே முடிஞ்சுடுது, அந்த ரெண்டு காலத்துல வேற ரோவுல இருக்கற 7 எல்லாம் காலி. ரோ 4-ல அந்த 8 போயிடும். ரோ வச்சு கெடைக்கலன்னா அதே நம்பரை காலம் வச்சு திருப்பி எழுதி பாருங்க, பாதி பேரு இதை பண்றதே இல்ல.

அந்த பட்டியல்லயே இன்னொன்னும் சும்மா கெடைக்கும். ரோ 2: 3, 8, ரோ 6: 3, 9-ன்னு வந்திருந்தா? எக்ஸ்-விங் இல்லன்னு விட்டுடாதீங்க, ஒரு கால் சேருது இன்னொரு கால் சேரல, இதுக்கு ஸ்கைஸ்கிரேப்பர்னு பேரு. காலம் 3-ல ரெண்டு 7 வர முடியாது இல்லையா, அப்ப 2-8, 6-9 ரெண்டுல ஒன்னாவது கண்டிப்பா 7. அந்த ரெண்டு கட்டமும் பாக்கற எடம், அதாவது ரெண்டோடயும் ஒரே ரோ, காலம், இல்ல பாக்ஸ்ல சேர்ற எடம் எது? 1-9, 3-9, அப்புறம் 4-8, 5-8. அங்கெல்லாம் 7 வராது. என் அனுபவத்துல எக்ஸ்-விங்கை விட இதுதான் அடிக்கடி வரும், ஆனா ஆரம்பத்துல யாரும் இதை சொல்லித்தர மாட்டேங்கறாங்க. மூணு ரோ மூணு காலத்துக்குள்ள அடங்கினா அது ஸ்வார்டுஃபிஷ், ரோ 1: 2, 5, ரோ 4: 5, 9, ரோ 8: 2, 9 இப்படி, மூணும் ஒவ்வொரு ரோவுலயும் இருக்கணும்னு இல்ல. அது கொஞ்சம் அபூர்வம், பட்டியல் எழுதியிருந்தா தானா தெரியும்.

எக்ஸ்ஒய்-விங்குக்கு தேடற முறையே வேற. அதுல நம்பரை பாக்கக்கூடாது, ரெண்டே நம்பர் இருக்கற கட்டங்களை பாக்கணும், அதையெல்லாம் லேசா வட்டம் போட்டுக்கங்க. 5-5-ல 1, 4. அதுதான் நடு ஆளு. அது பாக்கற எடத்துல 1 வச்ச ஒரு கட்டம், 4 வச்ச ஒரு கட்டம், ரெண்டுலயும் மிச்ச நம்பர் ஒன்னா இருக்கணும். 5-2-ல 1, 9. 8-5-ல 4, 9. நடு ஆளு 1 ஆனா 5-2 ஒம்போது, நடு ஆளு 4 ஆனா 8-5 ஒம்போது, எது ஆனாலும் ரெண்டுல ஒன்னு 9, அப்ப ரெண்டையும் பாக்கற 8-2-ல 9 கெடையாது. ஒரே ஒரு கட்டம்தான் அடிபட்டுதேன்னு நெனைக்காதீங்க, ஹார்டு புதிர்ல பூட்டு தொறக்க ஒன்னு போதும். இதுவே ஒரு ரெக்கை (நடு ஆளோட சேர்ற அந்த ரெண்டு கட்டத்துல ஒன்னு) நடு ஆளோட பாக்ஸ்லயே இருந்தா, அதாவது 4, 9 கட்டம் 8-5-ல இல்லாம 4-6-ல இருந்தா, 5-4, 5-6, 4-1, 4-2, 4-3 அஞ்சு எடத்துல 9 போயிடும்.

இப்ப அந்த ஊகம் விஷயத்துக்கு வரலாம், ஏன்னா இதுலதான் எல்லாரும் கொழம்பறாங்க. மேல சொன்ன மூணையும் திருப்பி படிச்சு பாருங்க, எக்ஸ்-விங், ஸ்கைஸ்கிரேப்பர், எக்ஸ்ஒய்-விங் மூணுலயும் "இது ஆனா இப்படி, அது ஆனா அப்படி, எது ஆனாலும் இது வராது" அவ்ளோதான் இருக்கு. நீங்க பண்ற ஊகத்துல "இது ஆனா" மட்டும்தான் இருக்கு, இன்னொரு பக்கத்தை பாக்காமலே ஒரு வழில அரக்கோணம் வரைக்கும் போயிடறீங்க. அதனால பேரு தெரிஞ்ச டெக்னிக் எதுவும் மாட்டலன்னா, ரெண்டு நம்பர் இருக்கற ஒரு கட்டத்தை எடுத்து, ரெண்டு பக்கமும் நாலஞ்சு அடி மட்டும் மனசுலயோ தனி பேப்பர்லயோ போய் பாருங்க. ரெண்டு வழிலயும் ஒரே கட்டத்துக்கு ஒரே நம்பர் வந்தா அது உறுதி, பேனாலயே போடலாம். ஒரு வழி இடிச்சுதுன்னா இன்னொன்னுதான் சரி, இதுவும் உறுதிதான். ரெண்டும் எங்கயும் சேராம போய்கினே இருந்தா திரும்பி வந்து வேற கட்டம். பேரு வேணும்னா செயின்னு சொல்லிக்கங்க. போட்டில ஆடறவங்களும் டைம் இல்லன்னா ஒரு பக்கத்தை போட்டு பாக்கறதுண்டு, நம்ம பக்கத்துல பெங்களூர்லயே 2017-ல உலக சுடோகு சாம்பியன்ஷிப் நடந்துச்சு, அவங்க கதை வேற, அவங்க கடிகாரத்தோட ஆடறாங்க. நமக்கு சென்னை வர்ற வரைக்கும் டைம் இருக்கு.

ஒரு குறுக்கு வழி இருக்கு, சிலர் இதை ஏமாத்துன்னு சொல்லுவாங்க, நான் தாராளமா பண்ணுவேன். 1-2, 2-2, 1-5 மூணுலயும் 2, 6 மட்டும், 2-5-ல 2, 6, 8-ன்னு இருந்தா, 2-5 எட்டுதான். இல்லன்னா நாலு கட்டமும் 2, 6 ஆயிடும், மாத்தி மாத்தி ரெண்டு விதமா ரொப்பலாம், சரியான புதிருக்கு ஒரே விடைதான் இருக்கணும். நாலும் ரெண்டு ரோ, ரெண்டு காலம், ரெண்டே பாக்ஸுக்குள்ள இருக்கணும், நாலு பாக்ஸ்ல பரவி இருந்தா செல்லாது. அதோட எந்த புக்கை நம்பறோம்னும் பாக்கணும், பஸ் ஸ்டாண்டுல விக்கற மலிவு புக்குல ரெண்டு விடை இருக்கற புதிரையே நான் பாத்திருக்கேன், அங்க இது காலை வாரிடும்.

அப்புறம் எவ்ளோ கஷ்டம்னு புக்குல போட்டிருக்கற ஸ்டாரை ரொம்ப நம்பாதீங்க, ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு அளவு. கொடுத்த நம்பர் கம்மியா இருந்தா கஷ்டம்னு ஒரு நெனப்பு வேற இருக்கு, அதுவும் இல்ல. 17-க்கு கீழ கொடுத்தா ஒரே விடை வராதுன்னு 2012-ல டப்ளின்ல கம்ப்யூட்டர் வச்சு நிரூபிச்சாங்க, ஆனா 17 நம்பர் புதிர்லயே சுலபமா ரொம்பறது நெறைய உண்டு. அதே சமயம் பின்லாந்து கணித நிபுணர் ஆர்டோ இன்காலா போட்ட "உலகத்துலயே கஷ்டமான" புதிர் மாதிரி எதாவது வாட்ஸ்அப்ல வந்தா தொடாதீங்க, அதுல இப்ப சொன்ன எதுவும் சீக்கிரம் வேலை செய்யாது, நீளமான செயின்தான் ஓட்டணும், ட்ரெயின்ல ஆவற வேலை இல்ல.

இப்போதைக்கு ஒரு புதிருக்கு ஒரு டெக்னிக்தான்னு வச்சுக்கங்க. இந்த வாரம் பூரா ஓரத்துல பட்டியல் எழுதி எக்ஸ்-விங், ஸ்கைஸ்கிரேப்பர் மட்டும் தேடுங்க, கெடைக்கலன்னா ஆப்ல அதே புதிரை போட்டு ஹின்ட் கேளுங்க, நம்பரை காட்டற ஆப் வேணாம், டெக்னிக் பேரை மட்டும் சொல்ற ஆப்பா பாத்துக்கங்க. அப்பவும் மாட்டினா போட்டோ அனுப்புங்க, சின்ன நம்பரோட. சும்மா பாதி ரொம்பின கட்டத்தை மட்டும் அனுப்பினா மொதல்ல பென்சில் வாங்குங்கன்னுதான் திருப்பி எழுதுவேன்.