வேண்டிய கார்பனில் மட்டும் நைட்ரஜன்

கேள்வி: பெரிய கரிம மூலக்கூறு ஒன்றில் நாம் விரும்பும் கார்பனில் மட்டும் நைட்ரஜனைச் சேர்க்க முடியுமா? எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அதைச் செய்து பார்க்கலாமா?
– எம்.எஸ்சி. வேதியியல் மாணவி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: முடியும், ஆனால் எல்லாக் கார்பனும் ஒரே அளவுக்கு இணங்கி வராது. எடுத்துக்காட்டாக, கொலஸ்டிராலில் உள்ள 46 ஹைட்ரஜன்களில் 45 கார்பனோடு பிணைந்தவை. அவற்றில் பலவற்றின் பிணைப்பு வலிமை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், வீரியமான வினைபொருளைச் சேர்த்தால் பிரித்தெடுக்க முடியாத கலவையே மிஞ்சும். உங்கள் பகுதியில் பரவலாகப் பயிராகும் தக்காளியோ இதே கொலஸ்டிராலை எடுத்து, 26-ஆம் கார்பனை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து, பின்பு ஒரு நொதியின் உதவியால் அங்கேயே அமீன் என்னும் நைட்ரஜன் தொகுதியைப் பொருத்தி, இலைகளிலும் பச்சைக் காய்களிலும் இருக்கும் டொமாட்டின் என்னும் தற்காப்பு நச்சை உருவாக்குகிறது. இடத்தேர்வைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆய்வகத்தில் பெரிதும் பயன்படுவது நைட்ரீன். இணைதிறன் கூட்டில் ஆறு எலக்ட்ரான்களே கொண்ட இந்த நைட்ரஜன் இனத்தை ஓர் உலோகம் பிடித்து வைத்துக்கொண்டு, கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்குள் நுழைக்கிறது. வேதியியலாளர் ஜஸ்டின் டூ பாய்ஸ் ஆல்ககாலைச் சல்ஃபமேட்டாக (கந்தகமும் நைட்ரஜனும் கொண்ட சேர்மமாக) மாற்றி, ரோடியம் என்னும் உலோகத்தாலான வினையூக்கியைச் சேர்த்தார். நைட்ரீன் அதே மூலக்கூறில் கட்டுண்டிருப்பதால், ஆக்சிஜனைத் தாங்கும் கார்பனை ஒன்றாகக் கொண்டு எண்ணினால் மூன்றாவதாக வரும் கார்பனையே பெரும்பாலும் சென்றடைந்து, ஆறு அணு வளையத்தை அமைக்கிறது. பேத்தை மீனின் நச்சான டெட்ரோடோடாக்சினை 2003-இல் அவர் குழு செயற்கையாகத் தொகுத்தபோது, நைட்ரஜனைப் பொருத்த ரோடியம் வழியே கைகொடுத்தது. இப்படிக் கட்டிவைக்க வழியில்லாத இடங்களில், தேர்வு முழுவதும் வினையூக்கியின் வடிவத்தைச் சார்ந்துவிடுகிறது. 2018-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பிரான்சஸ் அர்னால்டின் குழு, பி450 என்னும் இரும்பு கொண்ட நொதியில் அந்த இரும்பைப் பற்றியிருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் செரீன் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றி, இயற்கையில் அந்நொதி செய்யாத நைட்ரீன் வினையைச் செய்ய வைத்தது.

கல்லூரியில் செய்வதைப் பொறுத்தவரை, நைட்ரீனுக்கு மூலமாகும் அசைடுகளை (மூன்று நைட்ரஜன்கள் தொடராக இணைந்த சேர்மங்களை) நீங்களாகத் தயாரிக்க முயல வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். சோடியம் அசைடு அமிலத்தோடு சேர்ந்தால் நச்சும் வெடிதன்மையும் கொண்ட ஹைட்ரசோயிக் அமிலம் உண்டாகும். டைகுளோரோமீத்தேனோடு சேர்ந்தாலும் வெடிக்கும் பொருள் உருவாகலாம். கழிவைத் தொட்டியில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் உப்புகள் படியும். அதற்குப் பதிலாக, தாலிமைடிலிருந்து ஆந்த்ரானிலிக் அமிலம் தயாரிக்கும் ஹாஃப்மன் வினையைப் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். கார்பனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புத் தொகுதி) விலகிய அதே கார்பனில் நைட்ரஜன் வந்து அமர்வதை அதிலேயே காணலாம்.