ஊசி குத்தி நான்கு நாளாகிறது, இனி என்ன செய்ய?

கேள்வி: ஏஜென்சி மூலம் ஒரு வீட்டில் தங்கி, பக்கவாதம் வந்த முதியவரைப் பார்த்துக்கொள்கிறேன். இன்சுலின் போட்டுவிட்டு ஊசிக்கு மூடி மாட்டும்போது விரலில் குத்திவிட்டது. நான்கு நாளாகிறது. ஏஜென்சி மேற்பார்வையாளரிடம் சொன்னதற்கு, “குட்டி ஊசிதானே, வீட்டுக்காரர்களிடம் மூச்சு விடாதே, இடம் போய்விடும்” என்றார். சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட தாளில், வேலையில் காயம்பட்டால் நானே பொறுப்பு என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

தொழில்சார் நல மருத்துவர் பதில்:

முடியும். உங்களைத் தொலைபேசியில் அழைத்து அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் வாய் திறக்காமல் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஊசிக்குத்தில் கவலைப்பட வேண்டிய கிருமிகள் முக்கியமாக மூன்று: எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தாலும்கூட ஒரு ஊசிக்குத்தில் அது தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். இன்சுலின் ஊசி தோலுக்கடியில் கொழுப்பில் இறங்குவது. ரத்தக்குழாய்க்குள் போன ஊசியைவிட ஆபத்து குறைவு. ஹெபடைடிஸ் பி-தான் முரட்டுக் கிருமி. நோயாளிக்கு அது இருந்தால், தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை தொற்றலாம். காய்ந்த ரத்தக் கறையில்கூடக் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. “மூச்சு விடாதே” என்ற பேச்சு உங்களுக்குச் செய்த கெடுதல் இது. ஆனால் ஹெபடைடிஸ் பி-க்கு இன்னும் வழி இருக்கிறது. தடுப்பூசியை உடனே தொடங்கலாம். முதியவருக்கு அந்தக் கிருமி இருப்பது தெரிந்தால், அதோடு இமியூனோகுளோபுலின் என்ற, எதிர்ப்புப் பொருளை நேரடியாகத் தரும் ஊசியும் போடுவார்கள். 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, 7 நாளுக்குமேல் போனால் பலன் உறுதியில்லை. நான்காம் நாளில் இருக்கும் உங்களை நான் அவசரப்படுத்தியது அதனால்தான். ஹெபடைடிஸ் சி-க்கு முன்கூட்டியே தடுக்க மருந்து இல்லை. தொற்றினாலும் இன்று 8 முதல் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள்.

ஹெபடைடிஸ் பி ஊசியே தேவைப்படாத ஒரு தரப்பினர் உண்டு. முன்பே முழுத் தடுப்பூசியும் போட்டு, அது உடலில் பிடித்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்கள். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். “மூன்று ஊசி போட்டாகிவிட்டது” என்பது மட்டும் போதாது. சிலருக்கு, குறிப்பாக வயது கூடியவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், மூன்று போட்டும் எதிர்ப்பு உண்டாவதில்லை. கடைசி ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் செய்யும் பரிசோதனையில் எதிர்ப்புப் பொருளின் அளவு (mIU/mL கணக்கில்) 10 அல்லது அதற்குமேல் வந்திருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பல வருடம் கழித்து அந்த எண் இறங்கினாலும் பரவாயில்லை, பாதுகாப்பு நீடிக்கும். ஆனால் அந்த முடிவு காகிதத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். “எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் போட்டிருக்கிறோம்” என்று ஏஜென்சி வாயால் சொல்வதை மருத்துவர் ஏற்கமாட்டார், நீங்களும் ஏற்காதீர்கள்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. இப்போதே எடுங்கள். இன்று எடுப்பதில் ‘இல்லை’ என்று வந்தால், ஊசி குத்துவதற்கு முன்பு உங்களுக்கு நோய் இல்லை என்பதற்கு அது சாட்சி. ஆறு மாதம் கழித்து ஏதாவது தெரிந்தால், “உனக்கு முன்னாடியே இருந்திருக்கும்” என்று கைகழுவுவார்கள். அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் இருக்கப்போவது இந்த ஒரு தாள்தான். சில ஏஜென்சிகள் தெரிந்த லேபில் இந்த முதல் பரிசோதனையை மட்டும் செய்துவிட்டு “ஒன்றும் இல்லை, வேலையைப் பார்” என்று அனுப்பிவிடுகின்றன. அந்தப் பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள். தொற்று ரத்தத்தில் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. பாதுகாப்புக்கான செலவு எதையும் தொழிலாளி தலையில் வைக்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை 1981-லேயே சொல்லிவிட்டது. பாதுகாப்பான பணியிடம் அடிப்படை உரிமை என்று அதே அமைப்பு 2022-இல் அறிவித்தது. இருந்தும் கையுறைக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். மருத்துவமனையில் இதே ஊசி குத்தினால் ஒரு படிவம், ஒரு மருத்துவர், ஒரு பதிவு உண்டு. வீட்டுக்குள் குத்தினால் பல இடங்களில் அதைப் பணியிடமாகப் பார்க்கவே ஆளில்லை. அந்தத் தாளைக் கண்டு ஒதுங்காதீர்கள். என்று, எத்தனை மணிக்கு, எந்தக் கையில், எந்த ஊசி, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதி, ஏஜென்சிக்குச் செய்தியாக அனுப்பி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது நாளைக்குச் சொல்லாததாகிவிடும்.

வீட்டாரிடமும் சொல்லுங்கள். “அப்பாவுக்கு அப்படி எந்த நோயும் கிடையாது” என்பார்கள். பொய் சொல்லமாட்டார்கள், ஆனால் ஹெபடைடிஸ் இருப்பவர்களில் பலருக்கே அது தெரியாது. “ஊசி குத்திவிட்டது, அவர் ரத்தத்தைப் பரிசோதித்தால் எனக்கு எந்த மருந்து தேவை என்று தெரியும்” என்று நேராகக் கேளுங்கள். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அவருக்குத் தெரியாமல் ரத்தம் எடுக்கக்கூடாது.

இனி மூடி மாட்டும் விஷயம். சிரிஞ்சுக்கு மூடியே மாட்டாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவை, சோப்புத்திரவம் வரும் தடித்த டப்பாவானாலும் சரி, ஊசி போடும் இடத்துக்குப் பக்கத்தில் முதலிலேயே வைத்துவிட்டு அப்புறம் ஊசியைத் தொடுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் வேண்டாம், துளைத்துக்கொண்டு வரும். முக்கால் நிரம்பினால் மூடிவிடுங்கள். இன்சுலின் பேனாவாக இருந்தால் ஊசியைக் கழற்றியாக வேண்டும். அப்போது பெரிய வெளிமூடியை மேசையில் படுக்க வையுங்கள். ஒரே கையால் பேனாவைப் பிடித்து, ஊசியை மூடிக்குள் நுழைத்து அள்ளியெடுத்து, மேசையில் அழுத்தி இறுக்கிய பிறகுதான் மறுகையைக் கொண்டுவந்து திருக வேண்டும். மூடியை விரலில் பிடித்துக்கொண்டு ஊசியை அதை நோக்கிக் கொண்டுபோவதில்தான் விரல் போகிறது. குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள்.

உங்களுக்கு மறுபரிசோதனை ஆறாவது வாரத்தை ஒட்டியும், நான்காவது மாதத்திலும், ஆறாவது மாதத்திலும் இருக்கும். மருத்துவர் தேதி குறித்துத் தருவார். அதுவரை ரத்ததானம் வேண்டாம், தாம்பத்தியத்தில் ஆணுறை பயன்படுத்துங்கள். தடுப்பூசியின் அடுத்த இரண்டு தவணை ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும். ஏஜென்சி அதற்குள் வேறு வீட்டுக்கு மாற்றினாலும் அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள்.